பிளாக்பெர்ரி வணிகக் கைப்பேசி: வசதிகளும் அமைப்புகளும்

பிளாக்பெர்ரி என்பது கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாட்டர்லூ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் உருவாக்கிய வணிகக் கைப்பேசி வரிசையாகும். அலுவலக மின்னஞ்சலை மேசையிலிருந்து சட்டைப் பைக்குக் கொண்டுவந்த கருவி என்று இது அறியப்படுகிறது. இக்கட்டுரை, விசைப்பலகை கொண்ட கர்வ், போல்ட் வகைக் கைப்பேசிகளில், அதாவது பிளாக்பெர்ரி இயங்குதளத்தின் 4.5 முதல் 5.0 வரையான பதிப்புகள் இயங்கிய கருவிகளில், இருந்த வசதிகளையும் அமைப்புகளையும் விளக்குகிறது.

இக்கருவிகளுக்கான சேவை 2022 சனவரி 4 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. அப்படியிருக்க அவற்றின் அமைப்புகளை இப்போது ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். தொலைந்த கைப்பேசியைத் தொலைவிலிருந்தே அழித்தல், தவறான கடவுச்சொல்லைப் பலமுறை இட்டால் தானே அழிந்துபோதல், அலுவலகத் தரவையும் சொந்தத் தரவையும் பிரித்து வைத்தல் ஆகிய ஏற்பாடுகள் பலருக்கு அறிமுகமானது பிளாக்பெர்ரி வழியாகத்தான். இன்று அலுவலகம் தரும் எந்தக் கைப்பேசியை வாங்கினாலும் இதே கேள்விகள் வேறு பெயர்களில் எதிர்ப்படும். அங்கே மறைவாக நடப்பவை பல, பிளாக்பெர்ரியில் வெளிப்படையாகத் தெரிந்தன.

தோற்றம்

ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தை மைக் லசாரிடிசு, டக்ளசு ஃபிரெகின் ஆகிய இருவரும் 1984இல் தொடங்கினர். 1999இல் பிளாக்பெர்ரி 850 என்ற கருவி வெளிவந்தது. அது கைப்பேசி அன்று. மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் வல்ல இருவழிப் பேஜர். 2002இல் வந்த 5810 என்ற கருவியில்தான் பேசும் வசதி சேர்க்கப்பட்டது. அதிலும் தனியாகக் காதணிக் கருவியைச் செருகினால்தான் பேச முடியும். பேச்சு பின்னால் வந்த இணைப்பு, கடிதமே அடிப்படை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. இக்கருவியின் அமைப்புகளைப் புரிந்துகொள்ள இது ஒன்றே பெரிய துணை.

2006இல் உருள்மணி கொண்ட பேர்ல், 2007இல் கர்வ், 2008இல் போல்ட் ஆகியவை வந்தன. 2009இல் வந்த கர்வ் 8520இல் உருள்மணிக்குப் பதிலாக விரலைத் தடவினால் நகரும் ஒளியுணர் திண்டு பொருத்தப்பட்டது. உருள்மணியில் தூசு சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் நகராமல் போகும் தொல்லையை அனுபவித்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

மின்னஞ்சல் வந்து சேரும் விதம்

அக்காலத்தின் மற்றக் கைப்பேசிகளில் பெரும்பாலானவை, குறிப்பிட்ட நேரத்திற்கு ஒருமுறை அஞ்சல் வழங்கியைத் தொடர்புகொண்டு புதிய கடிதம் உண்டா என்று கேட்கும். அஞ்சலகத்திற்கு நாள்தோறும் நடந்துபோய் விசாரிப்பது போன்றது இது. பிளாக்பெர்ரியின் முறை வேறு. வழங்கி அஞ்சல் பெட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். புதிய கடிதம் வந்தவுடன் அதைத் தானே கைப்பேசிக்கு அனுப்பிவிடும். இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருகிறார். இதனால் பேட்டரியும் மிஞ்சும், கடிதமும் உடனே கிடைக்கும். இம்முறை ஆங்கிலத்தில் புஷ் மெயில் எனப்பட்டது.

கடிதம் முழுவதும் ஒரே மூச்சில் வருவதில்லை. முதலில் ஏறக்குறைய 2 கிலோபைட் அளவுள்ள பகுதி மட்டும் சுருக்கப்பட்டு வரும். படிப்பவர் கீழே நகர்ந்தால்தான் அடுத்த பகுதி வரவழைக்கப்படும். இணைய வேகம் மிகக் குறைவாக இருந்த ஜிபிஆர்எசு காலத்தில் இந்தச் சிக்கனம் பெரிதும் உதவியது.

எல்லாக் கடிதங்களும் நிறுவனத்தின் சொந்த மையங்கள் வழியாகவே சென்றன. வசதிக்குக் காரணமான இதுவே வலுக்குறைவாகவும் ஆனது. 2011 அக்டோபர் 10 அன்று தொடங்கிய தடங்கல் ஐரோப்பா, மேற்காசியா, ஆப்பிரிக்கா, இந்தியா எனப் பரவி, பிறகு அமெரிக்கக் கண்டங்களையும் எட்டியது. முதன்மை இணைப்புக் கருவி ஒன்று பழுதாகி, அதற்கு மாற்றாக இயங்கவேண்டிய ஏற்பாடும் வேலை செய்யவில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அந்நாள்களில் கைப்பேசியின் அமைப்புகளை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் பயன் இருந்திருக்காது.

இருவகைச் சேவை

பிளாக்பெர்ரி வைத்திருந்தவர்களில் பலர் அறியாத வேறுபாடு ஒன்று உண்டு. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான இரு கைப்பேசிகள் முற்றிலும் வேறான இரு சேவைகளில் இயங்கின.

முதலாவது நிறுவனச் சேவை. இதில் அலுவலகத்திற்குள்ளேயே பிளாக்பெர்ரி வழங்கி ஒன்று நிறுவப்பட்டிருக்கும். அந்த வழங்கிக்கும் கைப்பேசிக்கும் இடையே செல்லும் கடிதங்கள் டிரிப்பிள் டெஸ் அல்லது ஏஇஎஸ் முறையில் குறியாக்கம் செய்யப்படும். அதைத் திறக்கும் திறவுகோல் அலுவலக வழங்கியிலும் கைப்பேசியிலும் மட்டுமே இருக்கும். இடையில் கடிதத்தைச் சுமந்து செல்லும் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்திடம்கூட அதன் படி இல்லை.

இரண்டாவது இணையச் சேவை. தொலைபேசி நிறுவனத்திடம் மாதக் கட்டணம் செலுத்தித் தனிநபர்கள் பெற்றது இது. ஜிமெயில், யாகூ போன்ற அஞ்சல்களை இதன் மூலம் பெறலாம். ஆனால் மேற்சொன்ன தனித் திறவுகோல் இதில் இல்லை.

பிளாக்பெர்ரி என்றாலே யாராலும் படிக்க முடியாதது என்ற நம்பிக்கை பரவியிருந்தது. அது முதல் வகைக்கே பொருந்தும். பின் எண்ணைக் கொண்டு அனுப்பும் செய்திகள் இன்னும் வேறு. அவற்றைக் குலைத்து அனுப்பப் பயன்பட்ட திறவுகோல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. ஒரு தெருவிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் ஒரே சாவி என்றால் பூட்டியிருந்து என்ன பயன்? தம் நிறுவனத்திற்கெனத் தனிச் சாவி அமைத்துக்கொள்ளும் வசதி நிர்வாகிக்கு இருந்தது. அமைக்காவிட்டால் பொதுச் சாவியே நீடிக்கும்.

தம் கைப்பேசி எந்தச் சேவையில் உள்ளது என்பதை அறிய எளிய வழி, அது எவ்வாறு தொடங்கிவைக்கப்பட்டது என்று நினைத்துப் பார்ப்பதே. அலுவலகக் கணினிப் பிரிவு தந்த ஒருமுறைக் கடவுச்சொல்லை, அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் உள்ள நிறுவன இயக்கத் தொடக்கம் என்ற பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியுடன் இட்டிருந்தால் அது நிறுவனச் சேவை. அவ்வாறு இட்டவுடன் முகவரிப் புத்தகமும் நாள்காட்டியும் கம்பியின்றியே கைப்பேசிக்கு வந்து நிரம்பும். அந்த நொடியிலிருந்து அக்கருவி பாதி அலுவலகத்துடையது. அதைப் பற்றிக் கீழே காண்க.

விசைப்பலகையும் குறுக்குவழிகளும்

பிளாக்பெர்ரியின் விசைகள் இரு கட்டைவிரல்களால் தட்டுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. தட்டும் வேகம் குறையாமலிருக்கச் சில ஏற்பாடுகள் உள்ளன. ஓர் எழுத்து விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து வரும். இடைவெளி விசையை இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து தானே பெரிய எழுத்தாகும். மின்னஞ்சல் முகவரி எழுதும் இடத்தில் அதே இடைவெளி விசை முதலில் அட் குறியையும் பிறகு புள்ளியையும் இடும். முகவரியில் இடைவெளி வராது என்பதால் சும்மா இருக்கும் விசைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

தானியங்கிச் சொல் என்ற அமைப்பு தனிக் கவனத்திற்குரியது. அடிக்கடி எழுதும் நீண்ட தொடருக்கு ஒரு குறுக்கெழுத்தைப் பதிந்து வைத்தால், அதைத் தட்டி இடைவெளி விட்டவுடன் முழுத் தொடரும் வந்துவிடும். நிறுவனத்தின் முழு முகவரி, விலைப்பட்டியலுடன் எழுதும் வழக்கமான வரிகள் ஆகியவற்றை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். சில குறுக்கெழுத்துகள் முன்பே பதியப்பட்டுள்ளன. 'மைநம்பர்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் அக்கைப்பேசியின் எண்ணும், 'மைபின்' என்று எழுதினால் அதன் பின் எண்ணும் தாமே வரும். குறுக்கெழுத்தாக வழக்கமான சொல் எதையும் வைத்துவிடக்கூடாது. வைத்தால் அச்சொல் வரும் இடமெல்லாம் முகவரி வந்து விழும்.

கடிதப் பட்டியலில் ஒற்றை விசைகளே கட்டளைகளாக இயங்கும். 'டாப்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து பட்டியலின் உச்சிக்கும், 'பாட்டம்' என்பதன் முதலெழுத்து அடிக்கும் கொண்டுசெல்லும். 'கம்போஸ்' என்பதன் முதலெழுத்து புதிய கடிதம் எழுதவும், 'ரிப்ளை' என்பதன் முதலெழுத்து மறுமொழி எழுதவும், 'ஃபார்வேர்டு' என்பதன் முதலெழுத்து வேறொருவருக்கு அனுப்பவும் உதவும். 'அன்ரீட்' என்பதன் முதலெழுத்து படிக்காத அடுத்த கடிதத்திற்குத் தாவும். தமிழில் 'டி', 'பி' என்று எழுதினால் அது இரண்டு ஆங்கில எழுத்துகளில் எது என்று விளங்காது என்பதால் இங்கே முழுச் சொற்கள் தரப்பட்டன. நினைவில் வைக்கவும் இதுவே எளிது. ஒரே ஒரு விசை இவ்வாறு அமையவில்லை. எல்லோருக்கும் மறுமொழி எழுத 'எல்' என்ற விசை. ஒருவருக்கு எழுத வேண்டியதை எல்லோருக்கும் அனுப்பிவிடும் தவறு கடிதம் எழுதும் எந்தக் கருவியிலும் நேரக்கூடியது. அனுப்புமுன் பெறுநர் வரிசையைப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு அமைப்பு கிடையாது.

ஒலி அமைப்பும் இடுப்பு உறையும்

இயல்பு, உரத்த ஒலி, அதிர்வு, அமைதி, அழைப்புகள் மட்டும் எனப் பல ஒலி வகைகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகப் பயனுள்ளது. அதில் தொலைபேசி அழைப்பு வந்தால் மணி அடிக்கும். கடிதங்கள் ஓசையின்றி வந்து சேரும். அவசரமானவர் அழைப்பார், மற்றவை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பதற்கான அமைப்பு இது.

ஒவ்வொரு வகையிலும் உறைக்குள் இருக்கும்போது, உறைக்கு வெளியே இருக்கும்போது என இரு நிலைகளைத் தனித்தனியாக அமைக்கலாம். கைப்பேசியுடன் வரும் உறையில் ஒரு சிறு காந்தம் உண்டு. கருவியிலுள்ள உணரி அதைக் கண்டுகொள்ளும். உறைக்குள் இருந்தால் அதிர்வு, மேசைமேல் இருந்தால் மெல்லிய ஒலி என்று வைத்துக்கொள்ளலாம். உறைக்குள் போனவுடன் திரை அணைந்துவிடுவதும் இதனால்தான். காந்தப் பொத்தான் வைத்த கைப்பைகளுக்குள் இருந்தபோதும் சிலசமயம் திரை அணைந்துபோனது. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோகுமுன் பையை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கடித வடிகட்டி என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு அமைப்பு. மேலாளரிடமிருந்தோ முக்கிய வாடிக்கையாளரிடமிருந்தோ வரும் கடிதத்தை முதல் நிலை எனக் குறித்து, அதற்கு மட்டும் தனி ஒலி வைக்கலாம். விளம்பரக் கடிதங்களைக் கைப்பேசிக்கு அனுப்பாமல் நிறுத்தலாம், அல்லது தலைப்பை மட்டும் அனுப்பச் சொல்லலாம்.

தானே இயங்கி அணைதல் என்ற பக்கத்தில், வாரநாள்களுக்கும் வாரவிடுமுறைக்கும் தனித்தனி நேரங்களைக் குறிக்கலாம். இரவு 9 மணிக்கு அணைந்து காலை 7 மணிக்கு எழும்படி வைத்தவர்களும் உண்டு. வைக்காதவர்களே மிகுதி. இக்கருவிக்கு அடிமையானவர்களைக் குறிக்கப் போதைப்பொருளின் பெயரோடு சேர்த்து 'கிராக்பெர்ரி' என்ற சொல் ஆங்கிலத்தில் உண்டானது. வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு கல்லூரி அகராதி அதை 2006ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. மூலையில் சிமிட்டும் சிவப்பு விளக்கு இதில் பெரும் பங்கு வகித்தது. புதிய செய்தி வந்திருக்கிறது என்று அது இருட்டில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒலி வகை அமைப்புக்குள் சென்று அவ்விளக்கை நிறுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

கடவுச்சொல்

அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியில் கடவுச்சொல்லை இயக்கலாம். எத்தனை நிமிடம் தொடாமல் இருந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், உறைக்குள் வைத்தவுடன் பூட்டிக்கொள்ள வேண்டுமா என்பனவும் அங்கேயே உள்ளன.

தவறான கடவுச்சொல்லை எத்தனை முறை இடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வழக்கமான எண்ணிக்கை 10. அதைக் குறைக்கலாம், கூட்ட இயலாது. பாதி வாய்ப்புகள் தீர்ந்ததும் கருவி 'பிளாக்பெர்ரி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச் சொல்லும். பைக்குள் விசைகள் தாமே அழுந்துவதாலோ, குழந்தை விளையாடுவதாலோ தரவு அழிந்துவிடக்கூடாது என்பதற்கான தடை இது. குழந்தையால் எட்டெழுத்து பத்தெழுத்துச் சொல்லைப் பிழையின்றித் தட்ட முடியாது என்ற கணக்கு. அதற்குப் பின் தட்டும் எழுத்துகள் விண்மீன் குறிகளாக மறையாமல் கண்ணுக்குத் தெரியும். பத்தாவது முறையும் தவறினால் கைப்பேசியில் உள்ள கடிதங்கள், முகவரிகள், குறிப்புகள் அனைத்தும் அழிக்கப்படும். மீட்க வழியில்லை. எந்தச் சேவை மையமும் அதைத் திரும்பத் தர முடியாது.

உள்ளடக்கப் பாதுகாப்பு என்பது இதற்கு அடுத்த படி. இதை இயக்கினால் கைப்பேசி பூட்டியிருக்கும்போது அதன் நினைவகத்தில் உள்ளவை குறியாக்கத்தில் இருக்கும். வலிமை, கூடுதல் வலிமை, மிகுவலிமை என மூன்று அளவுகள் உள்ளன. இதில் முகவரிப் புத்தகத்தையும் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வி வரும். சேர்த்தால் ஒரு விளைவு உண்டு. பூட்டிய நிலையில் அழைப்பு வரும்போது அழைப்பவரின் பெயர் தெரியாது, எண் மட்டுமே தெரியும். பெயரை எடுத்துக் காட்டுவதற்குக் கருவியே முகவரிப் புத்தகத்தைத் திறக்க முடியாது என்பதால் இப்படி. பெயர் தெரியவில்லை என்று பலர் பழுது எனக் கருதிய நிலை, பூட்டு உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கான சான்று.

தொலைந்தால் என்ன நடக்கும்

விற்பனைப் பணியில் உள்ள ஒருவர் தம் கைப்பேசியை மாலையில் ஆட்டோவில் விட்டுவிட்டார் என்று கொள்வோம். அதில் 300 வாடிக்கையாளர்களின் எண்கள், மறுநாள் தரவேண்டிய விலைப்புள்ளி, வீட்டுப் படங்கள் எல்லாம் உள்ளன.

கடவுச்சொல் இல்லையென்றால் எடுத்தவர் கையில் அனைத்தும் திறந்தே இருக்கும். வேறு எதையும் பேச வேண்டியதில்லை.

கடவுச்சொல் இருந்து, உரிமையாளர் விவரம் என்ற பக்கத்தில் மாற்றுத் தொலைபேசி எண் எழுதப்பட்டிருந்தால், பூட்டிய திரையிலேயே அது தெரியும். நல்ல மனம் கொண்ட ஓட்டுநர் அவ்வெண்ணை அழைக்கலாம். பலர் அங்கே அக்கைப்பேசியின் எண்ணையே எழுதி வைப்பது உண்டு. தொலைந்த கருவியைக் கொண்டு தொலைந்த கருவியையே அழைத்து என்ன செய்வது? மனைவி, கணவர், அலுவலக வரவேற்பறை என எவரேனும் ஒருவரின் எண் அங்கே இருக்க வேண்டும்.

நிறுவனச் சேவையில் இருந்தால், அலுவலக நிர்வாகி இரண்டு கட்டளைகளில் ஒன்றை அனுப்பலாம். புதிய கடவுச்சொல் இட்டுப் பூட்டுவது ஒன்று. அனைத்தையும் அழித்து முடக்குவது மற்றொன்று. இணையச் சேவையில் இருந்தவர்களுக்கு நிர்வாகி கிடையாது. பிளாக்பெர்ரி புரொடெக்ட் என்ற செயலியை முன்னரே நிறுவியிருந்தால் அதன் இணையப் பக்கத்திலிருந்து பூட்டவும் அழிக்கவும் இருப்பிடம் காணவும் இயன்றது.

இக்கட்டளைகள் எல்லாம் வலையமைப்பு வழியாகவே போய்ச் சேர வேண்டும். எடுத்தவர் கருவியை அணைத்துவிட்டாலோ சிம் அட்டையைக் கழற்றிவிட்டாலோ கட்டளை வழியிலேயே நிற்கும். அப்போது காப்பது முன்னரே வைத்த கடவுச்சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்பும்தான். ஆகவே தொலைவிலிருந்து அழிக்கும் வசதி உள்ளது என்பதற்காகக் கடவுச்சொல்லை விட்டுவிடுவது பிழை.

நினைவட்டை

படங்களும் பாடல்களும் பெரும்பாலும் நினைவட்டையில் சேமிக்கப்படும். கைப்பேசியைப் பூட்டினாலும் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் படிக்கலாம். இதைத் தடுக்க அட்டைக்குத் தனிக் குறியாக்க அமைப்பு உண்டு. அதில் கருவியின் திறவுகோல், கடவுச்சொல், இரண்டும் சேர்ந்து என மூன்று தெரிவுகள் உள்ளன.

இங்கேதான் பெரிய இழப்புகள் நேர்ந்தன. கருவியின் திறவுகோலைத் தேர்ந்தெடுத்தால், அத்திறவுகோல் கைப்பேசியின் உள்ளே இருக்கும். கைப்பேசியை முழுதும் அழித்தால் திறவுகோலும் அழிந்துவிடும். அட்டையில் கோப்புகள் அப்படியே இருக்கும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், ஆனால் ஒன்றுகூடத் திறக்காது. படங்கள் அட்டையில்தானே உள்ளன என்று நம்பிக் கைப்பேசியை அழித்துவிட்டுப் புதியது வாங்கியவர்கள் இதைத் தாமதமாகவே உணர்ந்தனர். அழிப்பதற்குமுன் குறியாக்கத்தை நிறுத்தி, கோப்புகளைக் கணினிக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்துவிட வேண்டும். திறந்து பார்ப்பது என்ற கடைசிப் படியை விட்டுவிடக்கூடாது.

அலுவலகத்தின் கை எவ்வளவு நீளம்

நிறுவனச் சேவையில் சேர்ந்த கைப்பேசிக்கு அலுவலகம் தன் கொள்கைகளை அனுப்பலாம். கடவுச்சொல் கட்டாயம், இத்தனை எழுத்துகள் இருக்க வேண்டும், ஒளிப்படக் கருவி இயங்கக்கூடாது, புளூடூத் கூடாது, வெளிச் செயலிகளை நிறுவக்கூடாது எனப் பலவகைக் கட்டளைகள் உண்டு. அவ்வாறு கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பின் அருகில் ஒரு பூட்டுக் குறி தெரியும். பயனர் அதை மாற்ற இயலாது.

இது அலுவலகம் வாங்கித் தந்த கருவி என்றால் நியாயம்தான். ஆனால் சொந்தப் பணத்தில் வாங்கிய கைப்பேசியில் அலுவலக அஞ்சலை இணைத்துக்கொண்டவருக்கும் இதே கட்டளைகள் வந்தன. அவர் வேலையை விட்டு விலகும் நாளில் நிர்வாகி அழிப்புக் கட்டளை அனுப்பினால், அலுவலகக் கடிதங்களுடன் சொந்த முகவரிகளும் படங்களும் போய்விடும். அலுவலகத் தரவை மட்டும் அழிக்கும் வழி தொடக்கத்தில் இல்லை. 2011இல் பிளாக்பெர்ரி பேலன்ஸ் என்ற ஏற்பாடு வந்த பிறகே இரண்டும் பிரிக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து உள்ள பணிச் சுயவிவரம் இதே நோக்கம் கொண்டது. அதில் அலுவலகச் செயலிகளின்மேல் சிறு பெட்டிக் குறி தெரியும். நிர்வாகி அந்தப் பகுதியை மட்டும் நீக்கலாம். இன்றும் சொந்தக் கைப்பேசியில் அலுவலக அஞ்சலை இணைக்கும்போது, கருவி முழுவதையும் அழிக்கும் அனுமதி கேட்கப்படுகிறதா, பணிப் பகுதிக்கு மட்டும் கேட்கப்படுகிறதா என்று அந்த ஒரு திரையை நின்று படிக்க வேண்டும். பெரும்பாலோர் சம்மதம் என்று தட்டிவிட்டுப் போகும் திரை அதுதான்.

பழைய பிளாக்பெர்ரியை இரண்டாம் கையாக வாங்கியவர்களும் இக்கொள்கைகளில் சிக்கினர். கருவியைச் சாதாரணமாக அழித்தாலும் முந்தைய நிறுவனத்தின் கொள்கை சில கருவிகளில் தங்கிவிடும். வாங்கியவருக்குத் தொடர்பே இல்லாத ஓர் அலுவலகம் அவருடைய கைப்பேசியில் ஒளிப்படம் எடுப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

இந்திய அரசும் திறவுகோலும்

கடிதங்களை இடையில் யாரும் படிக்க இயலாது என்பது வணிகர்களுக்கு வசதி, புலனாய்வு அமைப்புகளுக்குத் தடை. 2010இல் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, இந்தியா ஆகிய நாடுகள் அடுத்தடுத்து இதை எழுப்பின. சட்டப்படி கேட்கும்போது செய்திகளைப் படிக்க வழி செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று இந்திய அரசு 2010 ஆகத்து 31ஐக் கெடுவாக வைத்தது. நிறுவனச் சேவையின் திறவுகோல் வாடிக்கையாளரிடமே உள்ளது, எல்லாவற்றையும் திறக்கும் தலைமைச் சாவி எதுவும் தம்மிடம் இல்லை என்று ரிசர்ச் இன் மோஷன் தொடர்ந்து கூறியது. கெடு நீட்டிக்கப்பட்டது. தனிநபர் சேவைகளைச் சட்டப்படி அணுகுவதற்கான ஏற்பாடு செய்யப்பட்டது. நிறுவனச் சேவை தொடர்ந்து இயங்கியது. மேலே சொன்ன இருவகைச் சேவையின் வேறுபாடு இவ்வழக்கில் எவ்வளவு பெரியதாக நின்றது என்பதைக் கவனிக்கலாம்.

சிறு கோளாறுகள்

கடிதம் வரவில்லை என்றால் முதலில் திரையின் மேல் மூலையைப் பார்க்க வேண்டும். எட்ஜ், ஜிபிஆர்எசு ஆகிய சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தெரிந்தால் தரவுச் சேவை உள்ளது. அதே சொற்கள் சிறிய எழுத்தில் தெரிந்தால் பேச மட்டுமே முடியும், கடிதம் வராது. இந்த வேறுபாட்டைக் கருவி வேறெங்கும் விளக்குவதில்லை.

அலைவலிமையைப் பட்டைகளாகக் காட்டாமல் எண்ணாகக் காட்டச் செய்யலாம். முகப்புத் திரையில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு என், எம், எல், எல் என்ற விசைகளைத் தட்டினால் போதும். மீண்டும் அவ்வாறே தட்டினால் பட்டைகள் திரும்பும். எண் எதிர்க்குறியுடன் வரும் என்பதால் -70 என்பது நல்ல நிலை, -105 என்பது மோசமான நிலை.

நினைவகம் மிகக் குறைந்துபோனால் கருவி தானாகவே பழைய அழைப்புப் பதிவுகளையும் கடிதங்களையும் நீக்கத் தொடங்கும். அழைப்புப் பட்டியல் காலியாகிவிட்டது என்று வந்த புகார்களில் பல இதனால் எழுந்தவை. தேவையற்ற செயலிகளையும் மொழித் தொகுப்புகளையும் நீக்குவதே தீர்வு. கருவி உறைந்து நின்றால் ஆல்ட், வலப்பக்க ஷிஃப்ட், அழிப்பு விசை மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். அதற்கும் அசையாவிட்டால் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டுவது வழக்கம்.

தமிழ் எழுத்துகள் இக்கருவிகள் பலவற்றில் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. அக்காலத்தில் ஜாவா கைப்பேசிகளில் தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்கள், ஓபரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற தெரிவை இயக்கிப் படித்தனர். கடிதங்களுக்கு அவ்வழி உதவவில்லை.

சேவை நின்ற பிறகு

நிறுவனம் 2013இல் தன் பெயரையே பிளாக்பெர்ரி என மாற்றிக்கொண்டது. 2016இல் கைப்பேசிகளைத் தானே வடிவமைத்துத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 சனவரி 4க்குப் பிறகு பழைய இயங்குதளக் கருவிகளில் தரவு, அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவை நம்பகமாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது என அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் இயங்கிய பிளாக்பெர்ரிகளை இது பாதிக்கவில்லை.

மேசை இழுப்பறையில் பழைய பிளாக்பெர்ரி ஒன்றை வைத்திருப்பவர்கள் அதை விற்கவோ மறுசுழற்சிக்குத் தரவோ எண்ணினால், வரிசை மாறாமல் செய்ய வேண்டும். முதலில் மின்னேற்றிப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் நினைவில்லை என்றால் ஊகித்துத் தட்டிக்கொண்டே போகக்கூடாது. பத்து வாய்ப்புகள் என்பதை மறக்க வேண்டாம். திறந்துகொண்டால் நினைவட்டைக் குறியாக்கத்தை நிறுத்தி, படங்களைக் கணினிக்கு மாற்றி, திறந்து பார்க்க வேண்டும். முகவரிகளையும் குறிப்புகளையும் டெஸ்க்டாப் மேனேஜர் என்ற கணினிச் செயலி மூலம் ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். அதன் பிறகே பாதுகாப்புப் பகுதியிலுள்ள முழு அழிப்பு என்ற தெரிவுக்குச் செல்ல வேண்டும். உறுதிப்படுத்த அங்கேயும் 'பிளாக்பெர்ரி' என்ற சொல்லைத் தட்டச் சொல்லும். சிம் அட்டையும் நினைவட்டையும் இந்த அழிப்பின்போது கருவிக்கு வெளியே இருக்கட்டும்.